கிறிஸ்துமஸுக்கு வராத மனிதன்

நார்ஃபோக், வர்ஜீனியா
1863 ஜனவரி 6

ஆஸ்பரிக்கு,

‘அன்புள்ள’ என்று ஆரம்பிக்கட்டுமா என்று லவீனியா அக்கா கேட்டாள். வேண்டாம், மை வீண் என்றேன். உனக்குத்தான் தெரியுமே, அவள் சுதந்திரமாகப் பிறந்தவள், தையல்காரி, எழுதப் படிக்கத் தெரிந்தவள். நான் சொல்லச் சொல்ல ஒரு வார்த்தை விடாமல் எழுதுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறாள். திட்டும் அதில் சேர்த்தி.

நமக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். ஆறு கிறிஸ்துமஸுக்கும் நீ சதுப்புக் காட்டிலிருந்து சேறும் சகதியுமாக வந்து என் வாசலில் நின்றிருக்கிறாய். இந்தத் தடவை டிசம்பர் இருபத்துநாலாம் தேதி சாயங்காலத்திலிருந்து இன்றுவரை நான் தெருமுனையைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து சுளுக்கியதுதான் மிச்சம். சிப்பிக் குழம்பு வைத்திருந்தேன். மறுநாள் பூனைக்குப் போட்டேன்.

கார்வின் துரையின் முகாமில் கூரை வேய மரச்சில்லு வெட்டுகிற உங்கள் ஆட்கள் பதினொரு பேர் வந்தார்கள். அவரவர் பெண்டாட்டி வீட்டில் தின்று கொழுத்தார்கள். உன்னைப் பற்றி ஜூபலிடம் கேட்டேன். “அவனா? வரமாட்டேன்னுட்டான் கெசியா. துரை குடுத்த அனுமதிச் சீட்டைச் சுருட்டி, அதுலயே பைப்பைப் பத்த வச்சான். நாங்க கிளம்புறோம், அவன் மரத்துல சாஞ்சுக்கிட்டுப் புகை விடுறான்” என்றான். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஜூபல் பெண்டாட்டி என் தோளைத் தட்டிக்கொடுத்தாள். அவள் கையால் தட்டு வாங்கும்படி ஆகிவிட்டது என் பிழைப்பு.

நீ இல்லாவிட்டால் உலகம் நின்றுவிடாது. ஒன்றாம் தேதி இங்கே ஊர்வலம் நடந்தது. ஜனாதிபதியின் உத்தரவு, அடிமைகள் எல்லோருக்கும் அன்றிலிருந்து விடுதலை என்று சொன்னார்கள். ஆயிரக்கணக்கில் நம் ஜனங்கள், முரசு, கொடி, பட்டாளத்துக்காரர்கள் ஓரமாக நின்று வாய்பிளந்து பார்க்கிறார்கள். நான் எஜமானியம்மாவிடம் கேட்கவில்லை. அடுப்பை அணைத்தேன், சமையல் மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினேன், நடந்தேன். ஊர் முழுக்க நடந்தேன்.

மூன்றாம் நாள் செய்தித்தாள் வந்தது. உத்தரவு கலகம் செய்கிற ஊர்களுக்குத்தானாம். நார்ஃபோக், போர்ட்ஸ்மவுத் என்று பெயர் சொல்லி எங்களை விலக்கி வைத்திருக்கிறார்களாம். ஜனாதிபதியின் பட்டாளம் கையில் வைத்திருக்கிற இந்த ஊரில் விடுதலை இல்லை. கைக்கு எட்டாத ஊரில் இருக்கிறவர்களுக்கு விடுதலை. இதை எழுதிய மகராசன் நல்லா இருக்கட்டும்.

உன்னிடம் நேரில் சொல்ல ஒரு விஷயம் வைத்திருந்தேன். இனி சொல்வதாக இல்லை.

கெசியா

-

சஃபோக்
1863 ஜனவரி 19

என் கெசியாவுக்கு,

இதை எழுதுகிறவர் நியூயார்க் பட்டாளத்தைச் சேர்ந்த ஒரு வெள்ளைக்கார கார்ப்பரல். நல்ல மனுஷர். ஆனாலும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேனாவைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது புருஷன் பெண்டாட்டியிடம் சொல்வதை எல்லாம் சொல்ல முடியவில்லை. நீயே நிரப்பிக்கொள்.

நான் ஏன் வரவில்லை என்று சொல்கிறேன். கார்வின் துரையிடம் பன்னிரண்டு வருஷமாகக் காட்டில் மரம் வெட்டியிருக்கிறேன். கிறிஸ்துமஸ் சீட்டு வாங்க ஒவ்வொரு வருஷமும் அந்த ஆள் காலைப் பிடித்துத் தொங்க வேண்டும். இந்தத் தடவை கேட்காமலே கொடுத்தார். பதினாலு பேருக்கும். டிசம்பர் இருபத்துநாலு முதல் ஜனவரி இரண்டு வரை. “போங்கடா, போய்ப் பெண்டாட்டிங்களப் பாத்துட்டு வாங்க. இந்த வருஷம் எனக்கு மனசு எளகிப்போச்சு” என்றார். அந்த ஆளுக்கு மனசு இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

சந்தேகம் தட்டியது. நாங்கள் சில்லு கொண்டுவந்து இறக்குகிற இடத்தில் பட்டாளத்துக்காரர்களிடம் விசாரித்தேன். நார்ஃபோக் பக்கம் தேர்தல் நடத்துகிறார்கள், தேர்தல் நடத்துகிற ஊருக்கு உத்தரவு செல்லாமல் போகலாம், சஃபோக்குக்கு அந்தச் சிக்கல் இல்லை என்று ஒருவர் சொன்னார். சதுப்பின் நடுவே ஓடுகிற எல்லைக்கு இந்தப் பக்கம் சஃபோக், அந்தப் பக்கம் நார்ஃபோக் மாவட்டம். எங்கள் பெண்டாட்டிகள் எல்லோரும் அந்தப் பக்கம். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒன்றாம் தேதி நாங்கள் எல்லோரும் எல்லைக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று துரை கணக்குப் போட்டுவிட்டார்.

மற்றவர்களிடம் சொன்னேன். “உனக்குப் பெண்டாட்டி மேல ஆசை விட்டுப்போச்சுன்னு நேரா சொல்லேன்டா” என்று சிரித்தார்கள். மூன்று பேர் மட்டும் தங்கினோம். போன பதினொரு பேரையும் துரை எல்லைக்கு அந்தப் பக்கம் டீப் கிரீக் ஊரில் வைத்து, உங்களுக்கு உத்தரவு கிடையாது, கோடாரியை எடுங்கள் என்று சொல்லிவிட்டாராம்.

நான் இப்போது சுதந்திர மனிதன் கெசியா. பட்டாளத்துக்கு விறகு வெட்டுகிறேன், கூலி உண்டு. நீயும் ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டு இங்கே வந்துவிடு. இருபது மைல்தான்.

அந்த விஷயம் என்ன? கார்ப்பரலும் கேட்கச் சொல்கிறார்.

ஆஸ்பரி

-

நார்ஃபோக்
1863 பிப்ரவரி 10

ஆஸ்பரிக்கு,

கார்ப்பரல் கேட்டால் சொல்ல வேண்டியதுதான். செப்டம்பரில் நீ வந்துபோனாய் அல்லவா, அதன் பலன். ஜூன் கடைசியில் பிறக்கும்.

இப்போது நான் கேட்கிறேன், பதில் சொல். என்னிடம் வராமல் இருந்ததால் நீ சுதந்திர மனிதன் ஆனாய். இதை நான் எந்த வாயால் கொண்டாடுவது? துரையின் சூது உனக்குத் தெரிந்துவிட்டது, நல்லது, மூளைக்காரன்தான். அந்த மூளைக்கு, ‘கெசியா, ஒன்றாம் தேதிக்குள் கிளம்பி எல்லைக்கு இந்தப் பக்கம் வந்துவிடு’ என்று ஜூபலிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பத் தோன்றவில்லையா? இருபது மைல்தான் என்று இப்போது எழுதுகிறாயே, அப்போதும் அது இருபது மைல்தானே? அடுத்த நாளே நடந்து வந்திருப்பேன். குழந்தையும் உன் பக்கத்து ஆளாகப் பிறந்திருக்கும். தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை. சட்டம் அதில் மட்டும் மாறவே இல்லை.

எஜமானியம்மா, இல்லை, இப்போதெல்லாம் நான் அப்படிச் சொல்வதில்லை. ஃபென்விக் அம்மா. அந்த அம்மா செய்தித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கூடத்துக்குக் கூப்பிட்டாள். நார்ஃபோக் என்று அச்சாகியிருந்த இடத்தை விரலால் காட்டினாள்.

“பாத்தியா கெசியா? உன்னோட ஜனாதிபதியே சொல்லிட்டார், நீ என்னோட ஆளுதான். ஒண்ணாந் தேதி ஆடுன ஆட்டத்தை நான் மறந்துடறேன். போய் வேலையைப் பாரு.”

“நான் ஆடலைம்மா, நடந்தேன். ஊரே பாத்துச்சு. நடந்த நடையைத் திரும்பி எப்படிம்மா நடக்கறது?”

“வாய் நீளமாயிடுச்சு உனக்கு.”

“வாய் அதே வாய்தாம்மா. இத்தனை நாளா மூடி வச்சிருந்தேன்.”

அந்த அம்மா முகத்தில் ஈயாடவில்லை. அன்றிலிருந்து கூப்பிட்ட குரலுக்கு ஓடுவதில்லை. ஒரு வேலை முடிந்தால்தான் அடுத்த வேலை. உட்கார வேண்டும் என்று தோன்றினால் உட்காருகிறேன். அந்த அம்மா மாவு மூட்டை வாங்குவதற்காகப் பட்டாளத்திடம் விசுவாசப் பிரமாணம் எடுத்தவள், அதனால் விசுவாசியாம். விசுவாசியின் சொத்தைத் தொட மாட்டார்களாம். சொத்து என்பது நானும் என் வயிறும்.

நான் அங்கே வரமாட்டேன். நீ எல்லைக் கோட்டைப் பார்த்து நின்றாய். நான் அந்தக் கோட்டை மதிப்பதாக இல்லை. எனக்கு விடுதலை என்றால் நான் நிற்கிற இடத்தில்தான்.

கெசியா

-

சஃபோக்
1863 மார்ச் 22

கெசியாவுக்கு,

உன் கடிதத்தைக் கார்ப்பரல் படித்துக் காட்டியபோது இரண்டு பேருமே ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. நீ கேட்டதற்குப் பதில் இதுதான். எனக்குத் தோன்றவில்லை. என் இரண்டு கால்களைப் பற்றி மட்டும்தான் யோசித்தேன். அதை அழகுபடுத்திச் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை.

போன வாரம் கார்வின் துரை இங்கே வந்துவிட்டார். கேப்டன் முன்னால் நின்று கையில் ஒரு தாளை ஆட்டுகிறார். சீட்டுக் கொடுத்தவர்களின் பட்டியலாம். பதினாலு பெயரில் என் பெயரும் இருக்கிறது. “இவன் ஒன்றாம் தேதி நார்ஃபோக் பக்கம் பெண்டாட்டி வீட்டுல இருந்தான். உத்தரவு இவனுக்கு இல்லை. என் ஆளு, எனக்கு வேணும்” என்கிறார். நான் போகவில்லை என்றேன். “போகலைன்னா சீட்டு உன்கிட்டயே இருக்கணுமே, காட்டு” என்றார் துரை. சீட்டைத்தான் பைப்பில் வைத்துப் புகைத்துவிட்டேனே. என்னோடு தங்கிய மற்ற இரண்டு பேரும் ரயிலடியில் வேலைக்குப் போயிருந்தார்கள்.

அப்போதுதான் உன் முதல் கடிதம் சட்டைக்குள் இருப்பது ஞாபகம் வந்தது. கார்ப்பரலிடம் கொடுத்தேன். அவர் எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படித்தார். மை வீண் என்பதிலிருந்து, கழுத்துச் சுளுக்கு, பூனைக்குப் போட்ட சிப்பிக் குழம்பு, மரத்தில் சாய்ந்துகொண்டு புகை விட்டது வரை. பட்டாளத்துக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கேப்டன் தேதியைப் பார்த்தார். பிறகு துரையைப் பார்த்துச் சொன்னார்: “வந்து போன புருஷனை எந்தப் பொம்பளையும் இந்த அளவுக்குத் திட்ட மாட்டா. இவன் போகலை. நீங்க போகலாம்.”

நான் சுதந்திர மனிதன் என்று கேப்டன் கையெழுத்துப் போட்டு ஒரு சீட்டுக் கொடுத்திருக்கிறார். துரை ஜெயித்திருந்தால் இன்றைக்குச் சதுப்பில் இடுப்பளவு தண்ணீரில் நின்றிருப்பேன். உன் திட்டுதான் என்னை மீட்டது.

குழந்தைக்காகவாவது வா. கெஞ்சுகிறேன். கார்ப்பரல் கேட்டுக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை.

ஆஸ்பரி

-

நார்ஃபோக்
1863 ஏப்ரல் 9

ஆஸ்பரி,

அதைப் படித்து லவீனியா அக்கா சிரித்த சிரிப்பில் ஊசி கீழே விழுந்து, இரண்டு பேரும் அரைமணி நேரம் தேடினோம். நானும் சிரித்தேன். பிறகு அழுதேன். பிறகு ஆத்திரம் வந்தது. என் வாய் உன்னை விடுவித்துவிட்டது. என்னை விடுவிக்க நான் யாரைத் திட்டுவது?

ஆகவே யாரையும் எதிர்பார்க்காமல் நானே கிளம்பிவிட்டேன். பயப்படாதே, தூரம் இல்லை. மூன்று தெரு தள்ளி, லவீனியா அக்கா வீட்டு மேல்மாடி. ஃபென்விக் அம்மாவிடம் சொல்லிக்கொண்டுதான் வந்தேன். என் துணி, என் சட்டி, என் போர்வை. அவளுடையது ஒரு கரண்டிகூட எடுக்கவில்லை. பட்டாளத்துக்குத் துணி வெளுத்துக் கொடுக்கிறேன்.

நாலாம் நாள் அந்த அம்மா ஒரு சிப்பாயைக் கூட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

“இவதான். ஓடிப்போனவ” என்றாள்.

“ஓடிப்போனவன்னா ஒளிஞ்சிருக்கணும்ல தம்பி?” என்று சிப்பாயிடம் கேட்டேன். “அம்மாவுக்கு வீடு தெரியுது, மாடி தெரியுது, நேரா வந்து கதவைத் தட்டறாங்க. நான் ஓடலை. குடி மாறியிருக்கேன்.”

அவன் தலையைச் சொறிந்தான். “நீங்க இந்த அம்மாவோட ஆளா?” என்று கேட்டான்.

“நான் இந்த வயித்துல இருக்கறதோட ஆளு. இழுத்துக்கிட்டுப் போகணும்னா போ. ஆனா தூக்கிட்டுத்தான் போகணும். நான் நடக்க மாட்டேன். ரொம்ப கனம்.”

ஓடிவந்தவர்களைப் பிடித்துக் கொடுக்கக்கூடாது என்று பட்டாளத்துக்குச் சட்டம் இருக்கிறது என்றும், ஓடாதவர்களைப் பற்றி எதுவும் தனக்குத் தெரியாது என்றும் சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். ஃபென்விக் அம்மா படியிலேயே நின்றாள். “குழந்தை பிறந்ததும் வருவேன் கெசியா. அது என் வீட்டுக் குழந்தை” என்றாள். அந்த நேரத்தில் மட்டும் எனக்குக் கால் நடுங்கியது. உனக்குத்தான் இதைச் சொல்கிறேன், வேறு யாருக்கும் சொல்லவில்லை.

தேவாலயத்தில் பெரியவர்களுக்குப் பள்ளிக்கூடம் ஆரம்பித்திருக்கிறார்கள். போகிறேன். கீழே இருக்கிற கையெழுத்து நானே போட்டது.

கெசியா

-

சஃபோக்
1863 மே 8

கெசியா,

நாலு வாரமாக எதிரிப் பட்டாளம் ஊரை வளைத்துக்கொண்டு நின்றது. ரயில் ஏதாவது ஓடியதா, உன் கடிதம் ஏதாவது வந்ததா, எதுவும் தெரியாது. பள்ளம் தோண்டினோம், மரம் வெட்டிச் சாய்த்தோம், குண்டு விழும்போது படுத்தோம். இப்போது போய்விட்டார்கள். நான் முழுசாக இருக்கிறேன். இடது காது மட்டும் சரியாகக் கேட்பதில்லை. இனி நீ வலது பக்கமாக நின்று திட்டு.

சிப்பாய் கதையைக் கார்ப்பரல் முகாம் முழுக்கச் சொல்லிவிட்டார். கால் நடுங்கிய இடத்தை மட்டும் அவர் யாருக்கும் சொல்லவில்லை. நான் கேட்டுக்கொண்டேன். நானும் அவரிடம் எழுத்துக் கற்றுக்கொள்கிறேன். கோடாரி பிடித்த கைக்குப் பேனா அடங்கவில்லை.

ஆஸ்பரி

-

சஃபோக்
1863 ஜூலை 1

கெசியாவுக்கு,

அவசரமாகச் சொல்கிறேன், கார்ப்பரல் அவசரமாக எழுதுகிறார். பட்டாளம் சஃபோக்கைக் காலி செய்கிறது. இரண்டு நாளில் யாரும் இருக்க மாட்டார்கள். மறுநாளே கலகக்காரர்கள் உள்ளே வருவார்கள். இந்த ஊரில் நான் சுதந்திர மனிதன் என்று காகிதம் சொல்கிறது. காகிதத்துக்குக் காவல் நிற்க ஆள் இல்லை.

உன் ஊரில் பட்டாளம் இருக்கிறது, ஆனால் விடுதலை இல்லை. கேப்டன் கொடுத்த சீட்டு அங்கே செல்லுமோ செல்லாதோ என்று இவர்களுக்கே தெரியவில்லை. கார்வின் துரை வேறு அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறார். ரெஜிமென்ட்டோடு சமையல்காரனாகக் கப்பலேறிவிடு, பத்திரமாக இருப்பாய் என்று கார்ப்பரல் சொல்கிறார். என் பெயரைப் பட்டியலில் போட்டிருக்கிறார். நாளை இரவுக்குள் ஆம், இல்லை சொல்ல வேண்டும்.

குழந்தை பிறந்துவிட்டதா? நீ நலமா? இதைக் கொண்டுவருகிற ரயில்காரர் நாளை காலை முதல் வண்டியில் திரும்புகிறார். அவரிடம் ஒரு வரியாவது கொடுத்து அனுப்பு.

ஆஸ்பரி

-

நார்ஃபோக்
1863 ஜூலை 1, சாயங்காலம்

ஆஸ்பரி,

இதை நானே எழுதுகிறேன். லவீனியா அக்கா பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிக் கொடுக்கிறாள். எழுதுவது என் கை.

பெண் குழந்தை. போன செவ்வாய்க்கிழமை பிறந்தாள். பெயர் ஹல்டா. முழுப்பெயர் ஹல்டா ஆஸ்பரி. துரை பெயரும் இல்லை, ஃபென்விக் பெயரும் இல்லை. உன் பெயரைத்தான் குடும்பப் பெயராக வைத்திருக்கிறேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்க நீ இங்கே இல்லை.

சொன்னபடி ஃபென்விக் அம்மா வந்தாள். ஒரு சால்வையும் கொண்டுவந்தாள். குழந்தையைக் குனிந்து பார்த்தாள். “என்ன பேரு வச்சிருக்க? என் பைபிள்ல எழுதணும்” என்றாள். அந்தப் பைபிளின் பின்பக்கத்தில் என் பெயர் இருக்கிறது. என் அம்மா பெயரும் இருக்கிறது, எந்த வருஷம் யாருக்குச் சொத்தாகப் போனாள் என்ற விவரத்தோடு. நான் கட்டிலில்தான் கிடந்தேன், எழுந்து உட்காரத் தெம்பில்லை.

“உங்க பைபிள்ல எழுதற பேரு இல்லம்மா இது. சால்வைக்கு நன்றி. அதையும் எடுத்துக்கிட்டுப் போங்க” என்றேன்.

“சட்டம் என் பக்கம் இருக்கு கெசியா.”

“இருக்கட்டும்மா. குழந்தை என் பக்கம் இருக்கு.”

கீழே வாசலில் என்னோடு துணி வெளுக்கிற பெண்கள் ஏழெட்டுப் பேர் ஈரக் கையோடு வந்து நின்றார்கள். அந்த அம்மா அவர்கள் நடுவே வழி கேட்டு இறங்கிப் போனாள். மறுபடி வருவாளாக இருக்கும். வரட்டும்.

இப்போது உன் விஷயம். கார்வின் துரையை நினைத்துப் பயப்படாதே. அவருடைய பதினொரு பேரில் ஒன்பது பேர் கோடாரியைப் போட்டுவிட்டு இங்கே கப்பல் துறையில் கூலிக்கு மூட்டை தூக்குகிறார்கள். ஜூபலும்தான். துரை தெருவில் அவர்களைப் பார்க்கிறார், அவர்களும் துரையைப் பார்க்கிறார்கள், அத்தோடு சரி.

கப்பலேறினால் நீ பத்திரமாக இருப்பாய். அதை நான் மறுக்கவில்லை. டிசம்பரிலும் நீ பத்திரமாகத்தான் இருந்தாய். அப்போது உன் கடிதத்துக்குக் கோபப்பட்டேன். இந்தத் தடவை கோபப்பட மாட்டேன், உன் பேரை மறந்துவிடுவேன். பிள்ளைக்கு வேறு பெயர் தேட வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

வருவதாக இருந்தால் சதுப்பு வழியாக வராதே. இருட்டில் வராதே. பகலில், பெரிய தெரு வழியாக, தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு வா. ஃபென்விக் வீட்டு வாசலைக் கடந்துதான் வரவேண்டும், சுற்றிக்கொண்டு வராதே. எவனாவது எங்கே போகிறாய் என்று கேட்டால் என் வீட்டுக்கு என்று சொல்.

உனக்கு ஒரு உத்தரவு கிடைத்தது, கேப்டன் கையெழுத்தும் கிடைத்தது. ஹல்டாவுக்கு ஒன்றும் கிடையாது. பிறந்தவுடன் அவள் காதில் நான் சொன்னேன், நீ யாருடைய ஆளும் இல்லை என்று. அது மட்டும்தான் அவளிடம் இருக்கிறது. அதைக் காக்க இப்போதைக்கு நானும் எட்டு வெளுக்கிற பெண்களும்தான் இருக்கிறோம். இன்னொரு ஆள் வேண்டும்.

கெசியா

-

1863 ஜூலை 2

கெசியா

என் கை எழுத்து. கார்ப்பரல் இல்லை.

பட்டியலில் பேரை அடித்துவிட்டேன். வண்டி நிறையப் பட்டாளம். இடம் இல்லை. தண்டவாளம் ஓரமாக நடக்கிறேன். ராத்திரி பாதி வழியில் படுத்துக்கொள்வேன். உன் தெருவுக்கு வரும்போது வெயில் இருக்கும்.

ஆஸ்பரி